எதையும் மறுக்காத தீர்த்தம்

ஐம்பூதங்களுள் நீருக்குரிய தலம் திருவானைக்காவல். அங்கே ஜம்புகேஸ்வரர் லிங்கத் திருமேனியின் அடியில் எந்நாளும் நீர் ஊறிக்கொண்டிருப்பதைத் தரிசித்தோர் அறிவர். நீரை இறைவடிவாகவே நம் முன்னோர் வணங்கியது ஏன்? அதன் இயல்புகளை அறிந்தால் விடை விளங்கும். அதற்குக் கும்மிடிப்பூண்டிப் பகுதியின் ஆரணியாறு நமக்கு வழிகாட்டுகிறது.

நஞ்சுண்டவர் திருவடியில்

ஆந்திர மாநிலத்து மலைப்பகுதியில் தோன்றும் ஆரணியாறு, பிச்சாட்டூர் அணையைக் கடந்து சுருட்டப்பள்ளியை அடைகிறது. ஆலகால நஞ்சை உண்ட பெருமான், அம்பிகையின் மடியில் தலைசாய்த்துப் பள்ளிகொண்டேஸ்வரராக எழுந்தருளியிருக்கும் தலம் அது. பிறகு ஊத்துக்கோட்டை வழியாகத் தமிழகத்தில் நுழைந்து, பெரியபாளையம் பவானி அம்மன் ஆலயத்தின் அருகே ஓடி, கும்மிடிப்பூண்டி, பொன்னேரி வட்டாரங்களுக்கு வளமூட்டிப் பழவேற்காடு ஏரியில் கலக்கிறது.

உயிர்களைத் தாங்கும் குணங்கள்

நீரின் தலையாய இயல்பு, பிற பொருள்களைத் தன்னுள் கரைத்துக்கொள்வது. அபிஷேகத்தில் பாலும் தேனும் சந்தனமும் நீரோடு கலந்து தீர்த்தமாகி நம் கைக்கு வருகின்றன. அவ்வாறே மண்ணிலுள்ள உப்புச் சத்துகள் நீரில் கரைந்தால்தான் நெற்பயிரின் வேர் அவற்றை உறிஞ்ச இயலும். நம் உடலின் எடையில் ஏறத்தாழ 60 விழுக்காடு நீரே. உண்ட உணவின் சத்தை உறுப்புகளுக்குக் கொண்டு சேர்ப்பதும், கழிவை வெளியேற்றுவதும் அதன் பணி.

நீரின் நுண்துகள்கள் ஒன்றையொன்று இறுகப் பற்றிக்கொள்பவை. தலவிருட்சத்தின் வேரில் ஊற்றிய நீர் உச்சிக் கொழுந்துவரை ஏறுவதற்கு இப்பற்றே துணை. நீர் மெல்லச் சூடாகி மெல்லக் குளிர்வதால் கடலோர ஊர்களின் வெப்பம் தணிகிறது. மேலும், 4 டிகிரி செல்சியஸில் நீர் மிகுந்த அடர்த்தி பெறுகிறது. அதற்கும் கீழே குளிர்ந்து பனிக்கட்டியானால் அடர்த்தி குறைந்து மிதக்கிறது. ஆகவே கடுங்குளிரில் மானசரோவர் ஏரியின் மேற்பரப்பு உறைந்தாலும், அடியில் மீன்கள் உயிர்வாழ்கின்றன.

வரமும் சோதனையும்

நன்னீர் உவர்நீரைவிட இலேசானது. அதனால் கடலோர நிலத்தடியில் உவர்நீரின்மேல் நன்னீர் மிதந்து நிற்கிறது. மழை தரும் அளவுக்கு மேல் அதனை இறைத்தால் கீழிருக்கும் உவர்நீர் மேலேறும்; கடல்நீரும் உள்ளே புகும். அண்டையிலுள்ள மீஞ்சூர்ப் பகுதியில் இவ்வாறு கடல்நீர் நிலத்தடியில் புகுந்தது 1960களின் இறுதியிலேயே அறியப்பட்டது.

கரைக்கும் குணத்திற்கும் இதுபோல் மறுபக்கம் உண்டு. சந்தனத்தை ஏற்கும் நீர், சாயத்தையும் அமிலத்தையும் அவ்வாறே ஏற்கும். கும்மிடிப்பூண்டி சிப்காட் போன்ற தொழிற்பேட்டைகளில் ஒவ்வோர் ஆலையும் கழிவைச் சுத்திகரித்தே வெளியேற்ற வேண்டும் என்று சட்டம் வற்புறுத்துவது இதனாலேயே. கரைந்த நஞ்சு கண்ணுக்குத் தெரிவதில்லை. கிணற்றிலும் பயிரிலும் ஏறி, இறுதியில் பழவேற்காட்டு மீனையும் இறாலையும், அவற்றை நம்பிவாழும் மீனவரையும் அது தாக்கும்.

பக்தர்களுக்கும் இதில் பங்குண்டு. ஆடி மாதத்தில் பெரியபாளையத்தில் வேப்பஞ்சேலை அணிந்து நேர்த்திக்கடன் செலுத்த ஆயிரக்கணக்கான குடும்பங்கள் திரள்கின்றன. வேப்பிலை மண்ணில் மக்கி உரமாகும். நெகிழிப் பையும், சோப்புத் தூளும், கழற்றி எறிந்த துணியும் அவ்வாறு ஆவதில்லை.

நஞ்சைக் கண்டத்தில் நிறுத்தி உலகைக் காத்தவர் ஈசன். ஆற்றுக்கு அந்த ஆற்றல் இல்லை. ஏற்றதையெல்லாம் அடுத்த ஊருக்கு அது கொண்டுசெல்லும். ஆதலின் தீர்த்தக் கரையில் நீராடுவோர், கொண்டுவந்த குப்பையைத் தம்மோடு எடுத்துச் செல்வதையும் ஒரு நேர்த்திக்கடனாகக் கொள்வோமாக. கீழே உள்ள ஊரில் அந்நீரைப் பருகும் ஒவ்வோர் உயிருக்கும் அதுவே நாம் வழங்கும் பிரசாதம்.