விழுங்குதலும் தாடையின் அமைப்பும்

நாம் ஒரு நாளில் ஏறத்தாழ 500 முதல் 700 முறை விழுங்குகின்றோம். உணவையும் நீரையும் மட்டுமன்றி, வாயில் ஊறும் உமிழ்நீரையும் ஓயாது விழுங்குகின்றோம். இது தொண்டையின் வேலை என்றே பலரும் கருதுகின்றனர். ஆயினும், இதற்கு அடித்தளமாக அமைவது கீழ்த்தாடையாகும்.

இதனைச் சிறு சோதனையால் அறியலாம். வாயை அகலத் திறந்தபடி உமிழ்நீரை விழுங்க முயலுங்கள், கடினமாக இருக்கும். பற்களைச் சேர்த்து வைத்து விழுங்குங்கள், எளிதில் இறங்கிவிடும். காரணம் யாது?

மென்ற உணவை நாக்கு கவளமாகத் திரட்டி, தன் நுனியை மேற்பற்களின் பின்புறம் ஊன்றி, அண்ணத்தோடு அழுத்திப் பின்னே தள்ளுகிறது. உடனே மெல்லண்ணம் உயர்ந்து மூக்கின் வழியை அடைக்கிறது. நாவடியிலுள்ள சிறு எலும்பும் அதனோடு இணைந்த குரல்வளையும் மேலெழும்புகின்றன. குரல்வளை மூடி கவிழ்ந்து மூச்சுக்குழாயைக் காக்க, உணவுக்குழாயின் வாய் திறக்கிறது. தொண்டையில் நிகழும் இவையாவும் ஏறத்தாழ ஒரு விநாடியில் முடிந்துவிடும். அச்சிறு எலும்பைத் தூக்கும் தசைகள் சில கீழ்த்தாடையில் பொருந்தியுள்ளன. தாடை நிலையாக நின்றால்தான் அவை செவ்வனே இயங்கும். ஆட்டங்கண்ட கம்பத்தில் கயிறு கட்டிப் பளுவைத் தூக்க இயலுமா?

தாடைகள் பொருந்தாதபோது இவ்வொழுங்கு குலைகிறது. முன்பற்களுக்கிடையே இடைவெளி இருப்பின், அதனை அடைக்க நாக்கு முன்னே நீள்கிறது. கீழ்த்தாடை பின்வாங்கியிருப்பின், உதடுகளை மூடவே முயற்சி தேவைப்படுகிறது. கடைவாய்ப் பற்கள் சந்திக்காவிடில், உணவு சரிவர அரைபடாமல் பெரிய துண்டுகளாகத் தொண்டையை அடைகிறது. பெரும்பாலோர் நாக்கையும் உதட்டையும் கூடுதலாக இயக்கி இக்குறையை ஈடுசெய்து கொள்கின்றனர். எனினும், உண்ண நேரம் அதிகமாகிறது. அவசரமாக உண்டால் புரையேறவும் கூடும்.

காலையில் பெரட்டுக்குச் செல்லும் அவசரத்தில், மெதுவாக உண்ணும் பிள்ளையைப் பெற்றோர் கடிந்துகொள்வதுண்டு. அப்பிள்ளை சோம்பேறியாக இல்லாமலிருக்கலாம். அதன் தாடையைச் சற்றுக் கவனியுங்கள். உதடுகள் எப்போதும் திறந்துள்ளனவா? விழுங்கும்போது நாக்கு பற்களிடையே நீள்கிறதா? வாயால் மூச்சு விடுகிறதா? கட்டைவிரல் சூப்பும் பழக்கம் நீடிக்கிறதா? நிலையான முன்பற்கள் முளைக்குமுன் இப்பழக்கத்தை நிறுத்தினால், இடைவெளி பல வேளைகளில் தானே குறைந்துவிடும். ஏழு வயதளவில் பல் மருத்துவரிடம் காட்டுவது நலம்.

நம் நாட்டில் பல் தாதியர் பயிற்சி 1949-ஆம் ஆண்டு பினாங்கில் தொடங்கப்பட்டது. பள்ளிப் பிள்ளைகளின் பற்களைப் பேணுவதே அதன் நோக்கம். பள்ளியில் பல் பரிசோதனை நடைபெறும் நாளில் பிள்ளைகளைத் தவறாது அனுப்புங்கள். சிகிச்சை தேவையெனக் கடிதம் வந்தால் அதனை ஒதுக்கிவிடாதீர்கள்.

பெரியவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை. விபத்தில் தாடையில் அடிபட்டு, பற்கள் முன்போல் பொருந்தாவிடில், எலும்பு முறிந்திருக்கக்கூடும். தைலம் தேய்த்துக் காத்திராமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். திடீரென விழுங்க இயலாமையும் பேச்சுக் குழறலும் தோன்றின், அது பக்கவாதமாகவும் இருக்கலாம். ஒரு நிமிடமும் தாமதிக்கலாகாது. உணவு தொண்டையில் சிக்குவது வாரக்கணக்கில் நீடித்து உடல் மெலிந்தாலும் மருத்துவரை நாடுங்கள். தாடையின் குறை என்று நாமாகவே முடிவு செய்துவிடுதல் ஆபத்தானது.