மனுவின் மைந்தன்

மனுவேந்தன் முறைசெய்த வரலாற்றைக் கேளாத தமிழ் மாணவர் இலர். பெற்ற மகனைத் தேர்க்காலில் இட்ட மன்னனின் நடுநிலையை மேடைதோறும் போற்றுகின்றோம். அம்மகனை நினைப்பார் மிகச் சிலரே.

சேக்கிழார் அவனை மறந்திலர். கலைகள் பல கற்று, இளவரசுப் பட்டத்தை அணுகி நின்ற இளைஞன் அவன். திருவாரூர்த் தெருவில் பரிவாரஞ் சூழத் தேரூர்ந்து செல்கையில், எவரும் காணாவண்ணம் துள்ளி வந்த பசுங்கன்று சக்கரத்தில் அகப்பட்டு மடிந்தது. அலறும் தாய்ப்பசுவை நோக்கித் துடித்து வீழ்கின்றான். கன்றை நோக்கிப் பெருமூச்செறிந்து நிற்கின்றான். தந்தைக்குப் பழி சேர்க்கவோ பிறந்தேன் என்று வருந்துகின்றான்.

இந்த மூன்றாவது நினைவிலேதான் அவன் கால் திரும்புகின்றது. தந்தை அறியுமுன்னே, மறையவர் விதிக்கும் கழுவாயைச் செய்து முடிக்க எண்ணி அவர்களை நாடிப் போகின்றான். அவன் துயர் பொய்யன்று. தேடிய கழுவாயும் நூலோர் ஒப்பியதே. ஆயினும், ஓரிடத்தினின்று இருவரும் இருவழியிற் பிரிந்தமை காண்க. அவன் அந்தணர்பாற் சென்றான். பசுவோ அரண்மனை வாயிலை அடைந்து கொம்பினால் மணியை அசைத்தது. தன் உள்ளத்து வேதனை தீரவே அவன் சென்றான் எனக் காரணமும் கூறிவிடுகின்றார் புலவர். பசுவின் வேதனையைத் தீர்க்க அங்கு எவரும் நின்றிலர்.

நம் நாட்டு மகாவம்சம் இதனை எல்லாள மன்னன் வரலாறாகக் கூறும். திசவாவிக்குத் தேரிற் சென்ற மகன், வழியில் தாயோடு கிடந்த கன்றின் கழுத்தில் அறியாது சக்கரத்தை ஏற்றினான். அதே சக்கரத்தால் அவன் தலை துணிக்கப்பட்டது. மகன் வருந்தினானா என்பதற்கு அக்கதையில் இடமேயில்லை. சேக்கிழாரின் அருமை இங்கேதான் விளங்குகின்றது.

இதனை நான் உணர்ந்தது ஒரு மாணவனால். பதினைந்து வயதினன், அவ்வாண்டுதான் தாயை இழந்தவன். எவரோடும் பேசாதிருந்தவன், ஒருநாள் ஓர் அற்பச் சொல்லுக்காக உடன்படிப்பவனைக் கல்லால் எறிந்து நெற்றியைப் பிளந்துவிட்டான். அன்று தொட்டு என்னிடம் மன்னிப்புக் கேட்டவண்ணம் இருந்தான். வகுப்பறையைப் பெருக்கினான், நான் பணியாமலே செய்யுள்களை நூறுமுறை எழுதிக் கொணர்ந்தான். உண்மை கூறின், நானும் அதில் மகிழ்ந்தே இருந்தேன்.

இப்பகுதியைக் கற்பித்து முடித்த அன்று எழுந்து நின்று, “ஐயா, அவன் பசுவிடம் ஒன்றும் சொல்லவில்லையா?” என்றான்.

இருபது ஆண்டுகள் அப்பாடலைக் கற்பித்தவன் யான். அவ்வினாவை எவரும் என்னிடம் வினவியதில்லை. யானும் என்னை வினவிக்கொண்டதில்லை.

“சொன்னதாக நூலில் இல்லை” என்றேன்.

அன்று மாலை, காயமுற்றவன் வீட்டுப் படலையில் அவன் நிற்கக் கண்டேன். துவிச்சக்கரவண்டி வேலியிற் சாய்ந்திருந்தது. உள்ளிருந்து அப்பிள்ளையின் தாயார் வந்துகொண்டிருந்தார். நான் காணாதவன் போலக் கடந்து சென்றேன்.