ஓரை வந்த வழி

சுவரில் தொங்கும் தமிழ் நாட்காட்டியில் நாளுக்கொரு தாள் கிழிக்கிறோம். நல்ல நேரம், இராகு காலம் ஆகியவற்றோடு 'ஓரை' என்னும் சொல்லும் அங்கே கண்ணிற் படும். சில ஆண்டுகட்கு முன் ஆசிரியர் கூட்டம் ஒன்றில், இச்சொல் யவனராகிய கிரேக்கரின் மொழியிலிருந்து வந்தது என்றேன். மூத்த ஆசிரியர் ஒருவர் எழுந்து, "தொல்காப்பியத்தில் உள்ள சொல்லைக் கிரேக்கனுக்குத் தாரை வார்க்கிறீர்களே, ஐயா!" என்று வருந்தினார். அன்று அவருக்குச் சொல்ல நேரமில்லாமற்போன விடையே இக்கட்டுரை.

முதலில், பாரத நாட்டிற்கே உரியது எது என்று காண்போம். திங்கள் வானில் ஒரு சுற்று வர ஏறத்தாழ 27 நாளாகும். அதன் வழியில் நாளுக்கு ஒன்றாக 27 நாண்மீன்களை வகுத்த முறை மிகப் பழையது. வேத நூல்களிலேயே உள்ளது. வேதாங்க சோதிடம் என்னும் சிறு நூல், ஐந்து ஆண்டுகளை ஓர் உகமாக வைத்து ஞாயிறு, திங்களின் இயக்கத்தைக் கணக்கிடுகிறது. ஆயின் அதில் மேட முதலிய பன்னிரண்டு இராசிகள் இல்லை, கிழமைகள் இல்லை, பிறந்த நேரம் கொண்டு பலன் கூறும் சாதகமும் இல்லை. பகலிரவை அது 30 முகூர்த்தமாகவும் 60 நாழிகையாகவும் பகுக்கிறது.

ஓரையோ நாளின் 24-இல் ஒரு பங்கு. அஃதாவது இரண்டரை நாழிகை. அறுபதாகப் பகுத்துப் பழகிய மக்கள், தாமாகவே இரண்டரை நாழிகைக்கு ஒரு தனிப் பெயர் இட்டிருப்பரோ? நாளை 24 கூறாக்கும் வழக்கம் எகிப்தில் பிறந்து கிரேக்கர் கைக்கு வந்தது. அவர்கள் மொழியில் 'ஹோரா' என்பதற்குப் பருவம், வேளை, மணி என்பன பொருள். வடமொழியாளரும் இச்சொல்லைத் தமதாக்க முயன்றனர். 'அஹோராத்ர' என்னும் சொல்லின் முதலெழுத்தும் ஈற்றெழுத்தும் கெட்டு 'ஹோரா' ஆயிற்று என்பாரும் உளர் என வராகமிகிரரே குறிக்கிறார். கெட்டிக்காரத்தனமான விளக்கந்தான்!

கிழமைகளின் வரிசையும் ஓரையின் பிள்ளையே. இதனை வகுப்பில் கரும்பலகையில் போட்டுக் காட்டலாம். மெதுவாகச் செல்வதிலிருந்து விரைந்து செல்வது வரை கோள்களை எழுதுக: சனி, வியாழன், செவ்வாய், ஞாயிறு, வெள்ளி, புதன், திங்கள். இது கிரேக்க வானூலார் கொண்ட வரிசை. ஞாயிற்றுக்கிழமை முதல் ஓரை ஞாயிற்றுக்கு உரியது. அங்கிருந்து இவ்வரிசையிலேயே எண்ணி வந்தால் 22-ஆம் ஓரை மீண்டும் ஞாயிறு, 23 வெள்ளி, 24 புதன். 25-ஆவது, மறுநாளின் முதல் ஓரை, திங்கள்! அங்கிருந்து மேலும் 24 ஓரை கழிந்தால் செவ்வாய் வரும். பிள்ளைகள் தாமே எண்ணிக் கண்டுபிடிக்கும்போது அவர்கள் முகத்தைப் பார்க்கவேண்டும். இந்தியக் கல்வெட்டுகளுள் கிழமை குறித்தவற்றில் மிகப் பழையதாக எண்ணப்படுவது, கி.பி. 484-ஐச் சேர்ந்த ஏரண் தூண் கல்வெட்டு.

ஒரு சொல் மட்டும் ஒத்தால் தற்செயல் எனத் தள்ளலாம். இங்கோ ஒரு குடும்பமே வந்திருக்கிறது. சாதகத்தில் 1, 4, 7, 10-ஆம் வீடுகள் கேந்திரம். 2, 5, 8, 11 பணபரம். 3, 6, 9, 12 ஆபோக்கிலிமம். கிரேக்க நூல்களில் இவை கெந்த்ரோன், எபனபொரா, அபோக்லிமா. சொல் ஒப்பதோடு பகுப்பும் ஒக்கிறது. ஏழாம் வீட்டின் பெயராகிய ஜாமித்ரம், எதிரெதிர் நிற்கும் விட்டத்தைக் குறிக்கும் 'தியாமெத்ரோஸ்' என்பதன் திரிபு. வராகமிகிரர் தம் பிருகத் சாதகத்தில் இராசிகளுக்குக் கிரியம், தாவுரி, ஜிதுமம், லேயம் எனத் தரும் பெயர்களும் கிரேக்கப் பெயர்களே. யவனர் மிலேச்சராயினும் இந்நூலில் வல்லவர். ஆதலின் முனிவரைப்போல் போற்றப்படுகின்றனர் என்னும் கருத்தையும் அவர் தம் பிருகத் சங்கிதையில் மறைக்காமல் எடுத்துரைக்கிறார்.

யவனர் மட்டும் எல்லாவற்றையும் தாமே படைத்தார்களோ எனின், இல்லை. பன்னிரண்டு இராசிகள் பாபிலோனியருடையவை. ஓர் இராசியை மூன்றாக்கும் திரேக்காணம், கிரேக்கர் வழி வந்த எகிப்தியச் சரக்கு.

வானக் கணிதத்திலும் இவ்வழி தெரிகிறது. கி.பி. 505-ஐத் தொடக்கமாகக் கொண்ட பஞ்ச சித்தாந்திகையில் வராகமிகிரர் சுருக்கித் தரும் ஐந்து சித்தாந்தங்களுள் ஒன்றன் பெயரே ரோமகம். அதன்படி 2,850 ஆண்டுகளுக்கு 10,40,953 நாள். வகுத்துப் பாருங்கள்: ஆண்டுக்கு 365¼ நாளில் 300-இல் ஒரு பங்கு குறையும். கி.மு. 2-ஆம் நூற்றாண்டில் ஹிப்பார்க்கஸ் என்னும் கிரேக்க அறிஞர் கண்ட ஆண்டளவும் இம்மி பிசகாமல் இதுவே.

பெற்றதை நம்மவர் அப்படியே வைத்திருக்கவில்லை. கிரேக்கர் வட்டத்தின் முழு நாணைக் கொண்டு கணக்கிட, இங்கே அரை நாணைக் கொண்டனர்; இன்று பள்ளியில் படிக்கும் 'சைன்' அதன் வழி வந்ததே. வந்த 12 இராசியையும் இருந்த 27 நாண்மீனையும் பொருத்திய திறமும் எண்ணத் தக்கது. ஒரு மீனுக்கு நான்கு பாதம் என 108 பாதமாக்கி, இராசிக்கு ஒன்பதாகப் பங்கிட்டனர். 'அசுவினி, பரணி, கார்த்திகை முதற்பாதம் மேடம்' எனச் சோதிடர் சொல்லும்போது இரண்டு நாகரிகங்கள் ஒரே வரியில் நிற்கின்றன.

இனித் தொல்காப்பியத்திற்கு வருவோம். களவியலில் 'நாள்' என்பதோடு இணைந்து 'ஓரை' வருகிறது. சங்கப் பாடல்களிலும் ஓரை உண்டு. ஆனால் அது மகளிர் விளையாட்டு, வேறு சொல். களவியல் ஓரை கிரேக்கச் சொல், வடமொழி வழியாக வந்தது. ஆகவே நூல் பிற்பட்டது என்றார் பேராசிரியர் வையாபுரிப் பிள்ளை. சொல்லின் பிறப்புப் பற்றி அவர் கூறியது சரியென்றே கொள்கிறேன். ஆயினும் ஒரு சொல்லை ஆணியாக அடித்து ஒரு முழு நூலின் காலத்தை அதில் மாட்டுவதை ஏற்க மனம் வரவில்லை. யவனர் மிளகு வாங்க முசிறிக்கு வந்தது கி.பி. முதல் நூற்றாண்டிலேயே. மேலும் அந்த ஆணியே இப்போது ஆடுகிறது. கிரேக்கச் சாதக முறையைக் கூறும் 'யவன ஜாதகம்' என்னும் வடமொழி நூலை 1978-இல் பதிப்பித்த டேவிட் பிங்கிரி, அது செய்யுளானது கி.பி. 269-270 என்றார். 2013-இல் பில் மாக் என்னும் ஆய்வாளர் நேபாளத்து ஏட்டுப் பிரதிகளைக்கொண்டு அப்பாடலை மீண்டும் படித்து, அவ்வாண்டு பிழையான பாடத்தால் வந்தது எனக் காட்டினார். அவர் கணக்கில் அந்நூல் முதல் நூற்றாண்டுக்கும் ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்துக்கும் இடையே எங்கும் அமையலாம்.