ஸ்டீயரிங்கை ஒடித்தால் டயர் உரசுகிறதா? வெட்டுவதற்கு முன் இதைப் பாருங்கள்!

கிழக்குக் கடற்கரைச் சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும்போது எந்தச் சத்தமும் இருக்காது. புதுச்சேரி எல்லையை ஒட்டியிருக்கும் கோட்டக்குப்பத்தில், மெயின் ரோட்டை விட்டு ஒரு குறுகலான தெருவுக்குள் திரும்ப ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்ததும் முன்சக்கரத்துப் பக்கமிருந்து 'கர்ர்ர்' என்று ஒரு சத்தம். வீட்டு வாசலில் ரிவர்ஸ் எடுக்கும்போது மறுபடியும் அதே சத்தம். தார், ஜிம்னி, கூர்க்கா, பழைய ஜிப்ஸி என்று மண்ணிலும் மணலிலும் ஓட்டுகிற வண்டிகளுக்குப் பெரிய டயர் போட்டவர்களுக்கு இது பழக்கமான சத்தம்தான்.

'பிளாஸ்டிக்தானே உரசுது, போகப் போகத் தேய்ஞ்சு சரியாயிடும்' என்று விட்டுவிடுகிறவர்கள் நிறைய. சில வண்டிகளில் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால், டயர் உரசுவது பிளாஸ்டிக்கிலா, இரும்பிலா, பிரேக் ஹோஸிலா என்று பார்க்காமல் அப்படி முடிவு செய்வதுதான் ஆபத்து. இரும்பு விளிம்பில் தொடர்ந்து உரசும் டயரின் பக்கச்சுவர் வெட்டுப்படும். பக்கச்சுவரில் விழுந்த வெட்டுக்குப் பஞ்சர் ஒட்ட முடியாது. டயரையே மாற்ற வேண்டும். கவனிக்காமல் ஓட்டினால் நெடுஞ்சாலை வேகத்தில் டயர் வெடிக்கலாம்.

ஏன் உரசுகிறது?

2020-ல் வந்த மஹிந்திரா தாரை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். அதன் உயர் ரகங்களில் கம்பெனி கொடுப்பது 255/65 ஆர்18 டயர். 255 என்பது மில்லிமீட்டரில் டயரின் அகலம். 65 என்றால், பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 65 சதவிகிதம். 18 என்பது அங்குலத்தில் ரிம்மின் அளவு. கணக்குப் போட்டால் டயரின் மொத்த உயரம் சுமார் 789 மி.மீ.

அதே ரிம்மில் 285/65 ஆர்18 போட்டால் உயரம் சுமார் 828 மி.மீ. ஆகிவிடும். மேலே 20 மி.மீ., முன்னாலும் பின்னாலும் தலா 20 மி.மீ. இடைவெளி குறைகிறது. அகலத்திலும் பக்கத்துக்கு 15 மி.மீ. கூடுகிறது. சக்கரம் நேராக இருக்கும்போது இது தெரியாது. ஸ்டீயரிங்கை ஒடிக்கும்போது டயரின் முன்முனையும் பின்முனையும் வளைந்து நகரும். அந்த வளைவுக்குள் பம்பரின் ஓரமோ சேஸிஸோ வந்தால் உரசல்தான்.

கம்பெனிகள் டயர் அளவைச் சும்மா தீர்மானிப்பதில்லை. திண்டிவனத்திலிருந்து அதிக தூரமில்லாத செய்யாறு அருகே மஹிந்திரா தன் எஸ்.யூ.வி. வண்டிகளுக்காக 454 ஏக்கரில் ஒரு சோதனைத் தடமே வைத்திருக்கிறது. மேடு, பள்ளம், மணல், சரிவு என்று சக்கரம் எவ்வளவு ஏறி இறங்கினாலும், எந்தப் பக்கம் திரும்பினாலும் இடிக்காத அளவைத்தான் கம்பெனி கொடுக்கிறது. அதைத் தாண்டிப் போகிறவர்கள் அந்தச் சோதனையைத் தாங்களே செய்துகொள்ள வேண்டும்.

சாக்பீஸ் சோதனை

அந்தச் சோதனைக்கு ஒரு சாக்பீஸ் போதும். இரண்டு முன் டயர்களின் ஓரங்களிலும் உள்பக்கச் சுவரிலும் சாக்பீஸைத் தாராளமாகத் தேய்த்துவிடுங்கள். சமதரையில் மெதுவாக நகர்த்தியபடி ஸ்டீயரிங்கை இடது கோடிக்கும் வலது கோடிக்கும் ஒடியுங்கள். வண்டியை நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, டார்ச் அடித்துப் பார்த்தால் எங்கே வெள்ளை ஒட்டியிருக்கிறதோ அங்கேதான் உரசுகிறது.

சமதரையில் உரசாமல், வேகத்தடையிலும் பள்ளத்திலும் மட்டும் உரசினால் அது வேறு பிரச்னை. அப்போது சஸ்பென்ஷன் அமுங்கி, டயர் மேலே ஏறி மட்கார்டைத் தொடுகிறது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காவிட்டால் தேவையில்லாத வேலைக்குப் பணம் போகும். வண்டியை உயர்த்தும் 'லிஃப்ட் கிட்' இரண்டாவது வகைக்குத்தான் பெரிதும் உதவும். ஸ்டீயரிங்கை ஒடிக்கும்போது சேஸிஸில் இடிக்கும் டயர், வண்டியை உயர்த்தினாலும் பெரும்பாலும் இடிக்கத்தான் செய்யும்.

டயர் மாற்றவே இல்லை, ஆனாலும் உரசுகிறதா?

அதிகம் கவலைப்பட வேண்டியது இதற்குத்தான். கம்பெனி டயரே திடீரென்று உரச ஆரம்பித்தால் ஏதோ ஒன்று இடம் மாறியிருக்கிறது என்று அர்த்தம். எளிய காரணமாக இருந்தால், சக்கரத்துக்கு மேலே உள்ள பிளாஸ்டிக் லைனரின் கிளிப் உடைந்து தொங்கியிருக்கும். மழையில் செம்மண் பாதையில் போய்வந்த வண்டியில் லைனருக்குள் சேறு அப்பிக் காய்ந்திருக்கும். வாட்டர் சர்வீஸும் நாலு கிளிப்பும் போதும்.

அது இல்லையென்றால் தேய்ந்த புஷ், ஆடும் பால் ஜாயின்ட், உடைந்த ஸ்பிரிங், ஜிப்ஸி போன்ற வண்டிகளில் ஒடிந்த பட்டை அல்லது தளர்ந்த யூ போல்ட் காரணமாக இருக்கலாம். இவை ஸ்டீயரிங்கையே பாதிப்பவை. பட்டறைக்குக் காட்டாமல் நெடுஞ்சாலையில் ஏறக்கூடாது.

சரிசெய்ய எங்கிருந்து தொடங்குவது?

செலவு குறைந்ததிலிருந்து, திரும்பப் பழையபடி மாற்றக்கூடியதிலிருந்து தொடங்குவதுதான் புத்திசாலித்தனம்.

முதலில் சுத்தம் செய்து, லைனரை இழுத்துக் கட்டிப் பாருங்கள். லேசான உரசல் பாதி இதிலேயே போய்விடும்.

அடுத்து ரிம்மைப் பாருங்கள். ரிம்மில் 'ஆஃப்செட்' என்று ஓர் அளவு உண்டு. சக்கரம் எவ்வளவு உள்ளே அல்லது வெளியே உட்கார வேண்டும் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. அழகுக்காக வெளியே துருத்திய ரிம் போட்டால், ஒடிக்கும்போது டயர் பெரிய வட்டமடித்து பம்பரில் இடிக்கும். பழைய ரிம்மைத் திரும்ப மாட்டினாலே சத்தம் நின்றுவிடும் வண்டிகள் உண்டு. உள்பக்கம் சேஸிஸில் உரசுகிறது என்று 'ஸ்பேசர்' போட்டால் உள்ளே சரியாகி வெளியே உரசலாம்; வீல் பேரிங்குக்கும் சுமை கூடும்.

மூன்றாவது, ஸ்டீயரிங் ஸ்டாப்பர் போல்ட். ஜிப்ஸி, ஜிம்னி போல முன்னால் முழு ஆக்ஸில் உள்ள வண்டிகளில் இதைச் சரிசெய்து, சக்கரம் திரும்பும் கோணத்தைக் கொஞ்சம் குறைக்கலாம். உரசல் நிற்கும். ஆனால், ஒரே மூச்சில் திரும்பிய தெருமுனையில் இனி ஒரு ரிவர்ஸ் எடுக்க வேண்டியிருக்கும்.

லைனரை வெட்டுவது கடைசி. அதையும் சாக்பீஸ் குறி விழுந்த இடத்தில் மட்டும், கொஞ்சம் கொஞ்சமாகச் செய்ய வேண்டும். லைனருக்குப் பின்னால் வயரிங் ஓடும் வண்டிகளும் உண்டு. இரும்பில் கை வைக்கவே வேண்டாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, கம்பெனி கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே விதிக்கலாம். இது மத்தியச் சட்டம் என்பதால் எல்லைக்கு இந்தப் பக்கம் தமிழ்நாட்டுப் பதிவானாலும், அந்தப் பக்கம் புதுச்சேரிப் பதிவானாலும் விதி ஒன்றுதான். விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் க்ளெய்மிலும் சிக்கல் வரலாம்.

இன்னொரு விஷயமும் உண்டு. மேலே சொன்ன பெரிய டயரைப் போட்டால் ஸ்பீடோமீட்டர் 80 காட்டும்போது வண்டி உண்மையில் 84-ல் போய்க்கொண்டிருக்கும். பிரேக்குக்கும் கூடுதல் வேலை. வேறு அளவு டயர் வாங்குவதற்கு முன்னால் டிரைவர் கதவோரம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரையும் வண்டியோடு வந்த கையேட்டையும் பார்த்து, உங்கள் மாடலுக்குக் கம்பெனி எந்தெந்த அளவுகளைச் சொல்கிறது என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். அந்த அளவுக்குள்ளேயே மண் ரோட்டுக்கான பட்டன் அதிகமுள்ள டயர்கள் கிடைக்கின்றன.

எந்த வேலை செய்தாலும் முடிந்ததும் வீல் அலைன்மென்ட் பாருங்கள். பிறகு ஸ்டீயரிங்கை இரண்டு கோடிக்கும் ஒடித்து, முன்சக்கரத்துக்குப் போகும் பிரேக் ரப்பர் ஹோஸ் டயரைத் தொடாமலும், இழுபடாமலும் இருக்கிறதா என்று இரண்டு பக்கமும் டார்ச் அடித்துப் பாருங்கள். வீட்டு வாசலிலேயே ஐந்து நிமிடத்தில் முடிகிற வேலை. குடும்பத்தை ஏற்றிக்கொண்டு மரக்காணம் பக்கம் கிளம்புவதற்கு முன் அதை முடித்துவிடுங்கள்.