விசா முடிந்தபின் கல்யாணம்: பிறக்கும் பிள்ளை எந்த நாட்டுக் குடிமகன்?

பெங்களூர் சிட்டி ஸ்டேஷனில் ரிசர்வேஷன் கவுண்ட்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவனிடம் ஜனங்கள் டிக்கெட் மட்டும் கேட்பதில்லை. தமிழ் பேசுகிறவன் என்று தெரிந்துவிட்டால், ரேஷன் கார்டுக்கு எங்கே போவது என்பதிலிருந்து மகளுக்கு வரன் பார்ப்பதுவரை கேட்பார்கள். பத்திரிகைக்கும் செய்தி அனுப்புகிறவன் என்று தெரிந்தாலோ சொல்லவே வேண்டாம்.

சில மாதங்களுக்கு முன்பு, கூட்டம் குறைந்த ஒரு பகல் வேளையில் ஒரு வாலிபர் வந்தார். ஸ்ரீராமபுரத்துக்காரர். அச்சகம் ஒன்றில் வேலை. டிக்கெட் பாரத்தை நீட்டவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு, "சார், பாஸ்போர்ட் தேதி முடிஞ்சவங்களுக்கு ரெயில்ல ரிசர்வேஷன் கொடுப்பீங்களா?" என்றார்.

"யாருக்கு?" என்றேன்.

"என் சம்சாரத்துக்கு. இலங்கை."

முடிந்திருந்தது பாஸ்போர்ட் அல்ல, விசா என்பது பிறகு தெரிந்தது. இந்தக் குழப்பம் பலருக்கு உண்டு. பாஸ்போர்ட் அவரவர் நாடு கொடுப்பது. விசா, நம் நாட்டுக்குள் இத்தனை நாள் இருக்கலாம் என்று நம் சர்க்கார் கொடுக்கும் அனுமதி. பாஸ்போர்ட் இன்னும் மூன்று வருடத்துக்குச் செல்லும். விசா முடிந்து ஒரு வருடம் எட்டு மாதம் ஆகியிருந்தது.

ரெயில் டிக்கெட்டுக்கு விசா கேட்பதில்லை. பயணத்தின்போது அடையாளத்துக்குப் பாஸ்போர்ட்டைக் காட்டலாம் என்று சொல்லி, சென்னைக்குப் போகவும் வரவும் இரண்டு பேருக்கு டிக்கெட் போட்டுக் கொடுத்தேன். ஆனால் சென்னைக்கு ஏன் என்று கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது.

முருகன் சந்நிதியில்

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போனேன். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள், போடவில்லை. பெண்ணுக்குச் சொந்த ஊர் வவுனியா. மாணவர் விசாவில் வந்து இங்கே ஒரு தனியார் கல்லூரியில் மூன்று வருடம் படித்தார். இரண்டு பேப்பர் நின்றுவிட்டது. படிப்புக் காலம் முடிந்ததும் விசாவும் முடிந்தது. "நான் ஒளிச்சிருக்கவெண்டு வரேல்லை அண்ணா. சோதினை பாஸ் பண்ணிப்போட்டுப் போகத்தான் இருந்தனான்" என்றார். அதற்குள் இந்தப் பழக்கம், பிறகு தெரு முனை முருகன் கோவிலில் கல்யாணம்.

நடுவில் ஒரு புரோக்கர் வந்திருக்கிறார். விசாவை நீட்டித்துத் தருவதாக 40 ஆயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு ஒரு காகிதம் கொடுத்தார். அதை நான் வாங்கிப் பார்த்தேன். விண்ணப்பம் பூர்த்தி செய்ததன் அச்சுப் பிரதி, அவ்வளவுதான். யாரும் அதைப் பெற்றுக்கொண்டதற்கு அடையாளமே இல்லை.

பெண் ஐந்து மாதம் கர்ப்பம். தெருவுக்கு வரும் ஆஷா பணிப்பெண் தாயி கார்டு போடுவதற்கு ஆதார் அட்டை கேட்டிருக்கிறார். அன்றிலிருந்து அந்தப் பெண் ஆஸ்பத்திரிப் பக்கமே போகவில்லை. ஒரு ஊசி போட்டுக்கொள்ளவில்லை. மாமியார் இரும்புச்சத்து மாத்திரையை மருந்துக்கடையில் வாங்கி வந்து கொடுக்கிறார். அந்த அம்மாள் என்னிடம், "தாலி கட்டியாச்சு, புருஷன் இந்த ஊர்க்காரன், அப்புறம் என்ன சாமி?" என்றார். அவர் கேட்டதைத்தான் ஊரில் பாதிப் பேர் கேட்பார்கள்.

தாலி வேறு, விசா வேறு

நான் படித்தது பள்ளி இறுதி வகுப்பு வரை. ஆகவே தெரிந்த வக்கீல் ஒருவரிடம் இரண்டு மாலை உட்கார்ந்து கேட்டு, சட்டப் புத்தகத்தையும் புரட்டிப் பார்த்துதான் இதை எழுதுகிறேன்.

விசா முடிந்தவரைக் கட்டிக்கொண்டால் கல்யாணம் செல்லாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. 1954-ம் வருடத்துச் சிறப்புத் திருமணச் சட்டத்தில் மணமக்கள் இரண்டு பேரும் இந்தியக் குடிமக்களாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. ஒருவராவது அந்த மாவட்டத்தில் 30 நாள் தங்கியிருக்க வேண்டும். நோட்டீஸ் கொடுத்து, அது அலுவலகப் பலகையில் 30 நாள் தொங்க வேண்டும். ஆட்சேபம் வராவிட்டால் 3 சாட்சிகளுடன் பதிவு. மணமகள் வெளிநாட்டவர் என்றால், அவர் ஏற்கெனவே மணமாகாதவர் என்று அவர் நாட்டுத் தூதரகத்தில் காகிதம் வாங்கிவரச் சொல்கிறார்கள். அந்தக் காகிதத்துக்காகத்தான் சென்னைப் பயணம். இலங்கைத் துணைத் தூதர் அலுவலகம் அங்கேதான் இருக்கிறது.

ஆக, கல்யாணம் கல்யாணம்தான். ஆனால் அது விசாவை ஒரு நாள்கூட நீட்டாது. விசா உயிரோடு இருக்கும்போதே கல்யாணம் பதிவாகியிருந்தால், அதை 'எக்ஸ்' எனப்படும் நுழைவு விசாவாக மாற்றித் தரும்படி கேட்க வழி இருந்தது. இவர்கள் அதைத் தவறவிட்டார்கள்.

பழைய 1946-ம் வருடத்து வெளிநாட்டினர் சட்டம் இப்போது இல்லை. குடியேற்றம் மற்றும் வெளிநாட்டினர் சட்டம் 2025 என்று புதிதாகக் கொண்டுவந்து 2025 செப்டம்பர் 1 முதல் அமல் செய்திருக்கிறார்கள். அதன்படி விசாக் காலத்தைத் தாண்டித் தங்கினால் 3 வருடம் வரை ஜெயில், அல்லது 3 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வெளிநாட்டவரைத் தங்கவைக்கும் வீட்டுக்காரர் தகவல் கொடுக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் சேர்த்துச் சிகிச்சை கொடுத்தால் ஆஸ்பத்திரியும் தகவல் கொடுக்க வேண்டும். பிரசவம் என்று வந்துவிட்டால் எப்படியும் வெளியே தெரியத்தான் போகிறது.

"அகதி என்று பதிந்துகொண்டால் போயிற்று" என்று பக்கத்து வீட்டுக்காரர் யோசனை சொன்னாராம். அது நடவாது. 2015 ஜனவரி 9-ந் தேதி வரை இங்கே தஞ்சம் புகுந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்குத்தான் விசா, பாஸ்போர்ட் விஷயத்தில் சர்க்கார் விலக்கு கொடுத்திருக்கிறது. பிற்காலத்தில் விசாவோடு விமானத்தில் வந்து இறங்கியவர்களுக்கு அது பொருந்தாது.

கோர்ட்டுக்குப் போனால்? வெளிநாட்டவரை வெளியேற்றும் அதிகாரம் சர்க்காருக்குத் தாராளமாக உண்டு என்று 1955-ல் ஹான்ஸ் முல்லர் என்ற ஜெர்மானியர் வழக்கிலேயே சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது. 1937 முதல் இந்தியாவில் இருந்த லூயி டி ராட் என்ற பெல்ஜியம் நாட்டுப் பாதிரியாருக்கே 1991-ல், உயிருக்கும் சுதந்திரத்துக்கும் பாதுகாப்பு உண்டு, ஆனால் இங்கே குடியிருக்கும் உரிமை குடிமக்களுக்கு மட்டும்தான் என்று தீர்ப்பாகியது.

வயிற்றுப் பிள்ளை

இதுவரை கேட்டதெல்லாம் அந்த வாலிபருக்கு ஓரளவு தெரிந்ததுதான். "பிடிச்சா பிடிக்கட்டும்ணா, பிள்ளை பிறக்கிறவரைக்கும் ஓட்டிடுவோம். குழந்தை இந்த ஊர்ல பிறந்துட்டா இந்தியன். தாயைத் துரத்த மாட்டாங்க" என்பது அவர் கணக்கு. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. வக்கீல் சொன்னதைக் கேட்டு இரண்டு பேருக்கும் வாய் அடைத்துப் போயிற்று.

1955-ம் வருடக் குடியுரிமைச் சட்டப்படி, 1987 ஜூன் 30 வரை இந்திய மண்ணில் பிறந்த பிள்ளை அநேகமாக எல்லாமே இந்தியக் குடிமகன்தான். 1987 ஜூலை 1 முதல், தாய் தகப்பனில் ஒருவராவது குடிமகனாக இருக்க வேண்டும் என்று ஆயிற்று. 2003-ல் சட்டத்தைத் திருத்தி, 2004 டிசம்பர் 3 முதல் இன்னும் இறுக்கினார்கள். ஒருவர் குடிமகன் என்றால், மற்றவர் பிள்ளை பிறக்கும் நேரத்தில் 'சட்டவிரோதக் குடியேறி'யாக இருக்கக்கூடாது. திருட்டுத் தோணியில் வந்தவர் மட்டும்தான் சட்டவிரோதக் குடியேறி என்று நாம் நினைக்கிறோம். முறையாக விசாவோடு வந்து, கெடு தாண்டித் தங்கிவிட்டவரும் அதே பட்டியலில்தான் வருகிறார்.

அதாவது, இந்தப் பெண் இப்படியே ஒளிந்திருந்து வாணிவிலாஸ் ஆஸ்பத்திரியில் பிள்ளை பெற்றால், தகப்பன் ஸ்ரீராமபுரத்தில் பிறந்து வளர்ந்த இந்தியனாக இருந்தும் அந்தப் பிள்ளை பிறப்பால் இந்தியன் ஆகாது. பிறப்புச் சான்றிதழ் கிடைக்கும். அது பிறந்ததற்குச் சான்று, குடியுரிமைக்குச் சான்று அல்ல.

இனிச் சொல்லப்போவதுதான் எனக்கு வேடிக்கையாகப் பட்டது. வேடிக்கை என்று சொல்லக்கூடாதுதான். அதே பெண் ஊருக்குப் போய் வவுனியாவிலோ யாழ்ப்பாணத்திலோ பெற்றால், தகப்பன் இந்தியர் என்ற ஒரே காரணத்தால் பிள்ளை இந்தியக் குடிமகன் ஆகலாம். வெளிநாட்டில் பிறக்கும் பிள்ளைகளுக்கான பிரிவு வேறு. அதில் தாயின் விசாவைப் பற்றிய பேச்சே கிடையாது. பிறந்து ஒரு வருடத்துக்குள் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் பதிவு செய்ய வேண்டும். பிள்ளைக்கு வேறு நாட்டுப் பாஸ்போர்ட் இல்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டும். யாழ்ப்பாணத்திலேயே 2010 முதல் இந்தியத் துணைத் தூதரகம் இருக்கிறது. பெங்களூரில் பிறந்தால் அந்நியன், யாழ்ப்பாணத்தில் பிறந்தால் இந்தியன்! வக்கீல் இரண்டு பிரிவையும் பக்கம் திருப்பிக் காட்டினார். நான் இரண்டு தடவை படித்துப் பார்த்தேன்.

தாயின் விஷயமும் அப்படித்தான். இந்தியரை மணந்தவர் 7 வருடம் இங்கே வசித்தபின் குடியுரிமைப் பதிவுக்கு விண்ணப்பிக்கலாம். கல்யாணம் பதிவாகி 2 வருடம் ஆனால் ஓ.சி.ஐ. அட்டை கேட்கலாம். ஆனால் கெடு தாண்டி ஒளிந்திருக்கும் வருடங்களை யாரும் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். சட்டவிரோதக் குடியேறிக்கு அந்தக் குடியுரிமைப் பதிவுக் கதவே திறக்காது. பத்து வருடம் ஒளிந்து குடித்தனம் நடத்தினாலும் அந்த 7 வருடத்தில் முதல் நாள் தொடங்காது.

சாந்திநகர் மாடி

ஆகவே வக்கீல் சொன்ன வழி: கல்யாணத்தை முதலில் பதிவு செய்வது, தாங்களாகவே வெளிநாட்டினர் பதிவு அலுவலகத்துக்கு எழுதி, தவறை ஒப்புக்கொண்டு, அபராதம் கட்டி, வெளியேறும் அனுமதி வாங்கி ஊருக்குப் போவது, அங்கிருந்து, இந்தியரின் மனைவி என்று நுழைவு விசா கேட்டு முறைப்படி திரும்புவது. திரும்பும் விசா கிடைத்தே தீரும் என்று யாரும் கையெழுத்துப் போட்டுத் தர முடியாது. கொடுப்பதும் மறுப்பதும் சர்க்கார் இஷ்டம். ஆனால் பிடிபட்டு வெளியேற்றப்பட்டவர் கேட்பதற்கும், தானாகப் போனவர் கேட்பதற்கும் வித்தியாசம் உண்டு என்றார்.

மாமியார் சம்மதிக்கவே இல்லை. "மசக்கைக்காரியைக் கடல் தாண்டி அனுப்பச் சொல்றியா?" என்று மகனை ஏசினார். எனக்கும் இரண்டு வசவு விழுந்தது. அவர் சொல்வதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. முதல் பிரசவம் தாய் வீட்டில்தானே நடக்கும் என்று அந்தப் பெண்தான் மெதுவாகச் சொல்லி அவர் வாயை அடைத்தார்.

நாளும் குறைவு. ஏழு மாதம் ஆகிவிட்டால் பல விமானக் கம்பெனிகள் டாக்டர் சர்டிபிகேட் இல்லாமல் ஏற்ற மாட்டார்கள். பதிவு நோட்டீஸ் 30 நாள் தொங்க வேண்டும். பெண்ணின் பெயர், விலாசத்துடன் பலகையில் காகிதம் தொங்கிய அந்த ஒரு மாதமும் அந்த வீட்டில் யாரும் நிம்மதியாகத் தூங்கவில்லை. கதவு தட்டினால் மாமியார் முதலில் ஜன்னல் வழியாகப் பார்ப்பாராம். நல்லவேளை, ஆட்சேபம் எதுவும் வரவில்லை.

பெங்களூரில் வெளிநாட்டினர் பதிவு அலுவலகம் சாந்திநகர் பஸ் நிலையக் கட்டிடத்து மாடியில் இருக்கிறது. 2018 முதல் விண்ணப்பம் எல்லாம் கம்ப்யூட்டர் வழியாகத்தான். கூப்பிட்டால் மட்டும் நேரில் போக வேண்டும். புரோக்கர் தேவையே இல்லை. இவர்களைக் கூப்பிட்டார்கள். அதிகாரி, ஏன் இத்தனை நாள் வரவில்லை என்று ஒரே கேள்வியைப் பல விதமாகக் கேட்டாராம். பயம் என்பதைத் தவிரப் பதில் இல்லை. தங்கிய நாளுக்குத் தக்கபடி அபராதம். அதற்கு மாமியாரின் சங்கிலி அடகுக்குப் போயிற்று. திட்டிய அதே அம்மாள்தான் கழற்றிக் கொடுத்தார். புரோக்கர் வாங்கிய 40 ஆயிரம் கையில் இருந்திருந்தால் சங்கிலி கழுத்திலேயே இருந்திருக்கும்.

போன வாரம் வாலிபர் மறுபடி கவுண்ட்டருக்கு வந்தார். சென்னையிலிருந்து கொழும்புக்கு விமானக் கட்டணம் குறைவாகக் கிடைத்ததாம். இந்தத் தடவை பாரத்தைப் பூர்த்தி செய்தே கொண்டுவந்திருந்தார். பிருந்தாவனில் போக இரண்டு பேர். மறுநாள் லால்பாக்கில் திரும்பி வர ஒருவர். நான் பணத்தை எண்ணிக்கொண்டிருக்கும்போது, "அண்ணா, அந்த ஒரு வருஷம்னு சொன்னாரே வக்கீல், அது பிள்ளை பிறந்த தேதியிலிருந்துதானே?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். டிக்கெட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார்.