பியானோ ஏட்டின் புதிர்க் குறிகள்

மேனாட்டுச் சங்கீதத்தைப் பியானோவில் அப்பியாசம் செய்கிறவர்கள், ஐந்து கோடுகளில் அமர்ந்திருக்கும் ஸ்வரங்களைத் தட்டுத்தடுமாறியேனும் வாசிக்கப் பழகிவிட்ட பிறகு, அவற்றின் தலைக்கு மேலே சிறு நெளிகோடாகவும், நெளிகோட்டின் குறுக்கே பாய்ந்த கீற்றாகவும், படுக்கவைத்த எஸ் எழுத்தாகவும் தோன்றும் குறிகளைக் கண்டு திகைத்து நிற்பது சகஜம். எழுதியவர் யார், எக்காலத்தவர், எந்த வாத்தியத்தை மனத்திற் கொண்டு எழுதினார் என்னும் மூன்றையும் விசாரித்தாலன்றி இக்குறிகள் வாய் திறப்பதில்லை.

ஜெர்மனியின் கோத்தன் சமஸ்தானத்தில் சங்கீத அதிகாரியாக இருந்த யோஹான் செபாஸ்டியன் பாக், 1720 ஜனவரியில், ஒன்பது வயதான தம் மூத்த மகன் வில்ஹெல்ம் ஃப்ரீடெமானுக்காகத் தொடங்கிய பயிற்சி ஏட்டில், பிரெஞ்சு வித்வான் தாங்கிள்பேர் 1689-இல் வெளியிட்ட, இக்குறிகள் உணர்த்தும் 29 அலங்காரங்களின் அட்டவணையை அனுசரித்து, குறிகளை மேலேயும் அவற்றை வாசிக்கும் முறையைக் கீழேயும் எழுதிக் காட்டியிருக்கிறார். அதன்படி, நெளிகோடிட்ட ஸ்வரத்தை அதற்கு அடுத்த மேல் ஸ்வரத்தில் தொடங்கி இரண்டையும் மாறி மாறி விரைவாக ஒலிக்க வேண்டும். குறுக்குக் கீற்று இருப்பின், மூல ஸ்வரத்தில் தொடங்கிக் கீழ் ஸ்வரத்தைத் தொட்டு மீள வேண்டும். எஸ் வடிவமோ மேல், மூலம், கீழ், மறுபடி மூலம் என்று ஒரு சுற்றுச் சுற்றிவரச் சொல்வது.

அக்காலத்துக் கட்டை வாத்தியமான ஹார்ப்சிகார்டில் சிறு முள்ளொன்று தந்தியை மீட்டுவதால், விரலை எவ்வளவு அழுத்தினாலும் நாதத்தின் பலம் கூடுவதில்லை. எழுந்த ஒலியும் விரைவிலே தேய்ந்துவிடும். ஆகவே ஒரு ஸ்வரத்துக்கு அழுத்தம் தரவும் அதன் ஆயுளை நீட்டவும் அலங்காரம் உபாயமாயிற்று. மேல் ஸ்வரத்தில் தொடங்கும்பொழுது அது கீழ்க் குரலோடு க்ஷணநேரம் பிணங்கிப் பின்னர் இணங்குவதிலே ரசம் பிறந்தது. சுத்தியலால் தந்தியைத் தட்டி, விரலின் பலத்துக்கேற்ப மென்மையும் வன்மையும் காட்டும் பியானோ வீடுதோறும் பரவிய காலத்தில், 1828-இல் வெளிவந்த தம் போதனை நூலில் பியானோ வித்வான் ஹும்மெல், அந்த நெளிகோட்டு அலங்காரத்தை மூல ஸ்வரத்திலேயே தொடங்கும்படி விதித்தார்.

மிதிகட்டையைக் குறித்த அடையாளங்களுக்கும் இதே நியாயம் பொருந்தும். ஸ்வரங்களின் அடியில் பெடல் என்பதன் சுருக்கெழுத்து வருமிடத்தில் மிதித்து, நட்சத்திரம் வருமிடத்தில் காலை எடுக்க வேண்டும் என்பது பொது விதி. ஆனால் ‘நிலவொளி’ என்று பிற்காலத்தார் பெயரிட்ட, 1802-இல் அச்சேறிய ஸொனாட்டாவின் முதற் பகுதி முழுவதையும், தந்தியின் ஒலியை நிறுத்தும் ஒலியடக்கிகளைத் தூக்கியபடியே, அதாவது மிதியை விடாமலே, வாசிக்குமாறு பீத்தோவன் எழுதியிருக்கிறார். ஒலி சீக்கிரம் அடங்கிய அன்றைய வியன்னா பியானோவுக்கு ஏற்ற அக்கட்டளையை, நெடுநேரம் அதிரும் இன்றைய பியானோவில் அக்ஷரம் பிசகாமல் நிறைவேற்றினால் ஸ்வரக்கூட்டங்கள் ஒன்றோடொன்று குழம்பிவிடும். ஆதலால் இன்று வாசிப்பவர்களிற் பலர் ஸ்வரக்கூட்டம் மாறுந்தோறும் மிதியை மாற்றிக்கொள்கிறார்கள்.

அச்சில் உள்ள குறிகள் யாவும் ஆசிரியருடையவை என்றும் கொள்ளலாகாது. பாக் இயற்றிய பிரெலூடு, ஃப்யூக் தொகுதிகளை 1837-இல் பதிப்பித்த பியானோ வித்வான் செர்னி, மூலத்தில் இல்லாத வேகக் குறிப்புக்களையும் ஒலியளவுக் குறிகளையும் தாமே சேர்த்தார். ஆதலின் பயிலத் தொடங்குவோர், ஆசிரியர் எழுதியதையும் பதிப்பாசிரியர் சேர்த்ததையும் வேறு பிரித்துக் காட்டும் பதிப்பையே வாங்குவார்களாக. விரலைக் கட்டையில் வைப்பதற்கு முன் அப்பதிப்பின் முன்னுரையை ஒருமுறை பொறுமையாகப் படிப்பார்களாக.