மோர்ஸ் சாவிக்கேற்ற பிளக்

கடலோரக் கிராமங்களில் இரும்பு துருவேறுவதும் பித்தளையில் பச்சைக் களிம்பு படிவதும் யாவரும் அறிந்ததே. தூத்துக்குடி உப்பளப் பிரதேசத்தில் இத்தொல்லை இன்னும் அதிகம். அமெச்சூர் ரேடியோ நிலையத்தில் இக்காற்று எளிதில் கெடுப்பது, மோர்ஸ் சாவியை யந்திரத்துடன் இணைக்கும் சிறு பிளக்கையேயாம்.

கப்பல்களின் அபாயச் செய்திக்கு மோர்ஸ் முறை 1999-ஆம் வருஷம் பிப்ரவரி முதல் அவசியமற்றதாயிற்று. இந்தியத் தந்திச் சேவையும் 2013 ஜூலையில் நிறுத்தப்பட்டது. ஆயினும் சிறு பாட்டரியின் சொற்ப சக்தியால் வெகுதூரம் செய்தி அனுப்ப இயலுமாதலின், அமெச்சூர் ரேடியோக்காரர் இம்முறையைக் கைவிடவில்லை. 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை தாக்கியபோது, அந்தமானிலிருந்து அமெச்சூர்களே ரேடியோ மூலம் செய்தி தெரிவித்தனர். அத்தகைய வேளையில் பிளக் பழுதுபட்டால் யந்திரம் இருந்தும் பயனில்லை.

சாவி இருவகைப்படும். மேலும் கீழும் அழுத்தும் சாதாரணச் சாவிக்கு இரண்டு கம்பிகள் போதும். பக்கவாட்டில் அசையும் இரட்டைச் சாவிக்குப் புள்ளிக்கு ஒன்று, கோட்டுக்கு ஒன்று, இரண்டிற்கும் பொதுவாக ஒன்று என மூன்று கம்பிகள் வேண்டும். மூன்று பாகமுள்ள பிளக்கில் நுனியைப் புள்ளிக்கும், நடுவளையத்தைக் கோட்டுக்கும், அடிக்குழலைப் பொதுக் கம்பிக்கும் இணைப்பது வழக்கம்.

இரண்டு பாகமுள்ள பிளக்கை, இரட்டைச் சாவிக்கென அமைத்த துவாரத்தில் செருகினால், வளையத்தின் தொடுமுனை குழலோடு சேர்ந்துவிடும். யந்திரம் கோடுகளை ஓயாது அனுப்பும். பிறர் செய்தியும் தடைப்படும். ஆகவே சாதாரணச் சாவிக்கும் மூன்று பாகப் பிளக்கையே வாங்கி, நுனியையும் குழலையும் மட்டும் இணைத்து, வளையத்தை வெறுமையாய் விடுதல் நலம். யந்திரத்தையும் சாதாரணச் சாவிக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ள வேண்டும். செருகும்போது முனைகள் ஒன்றையொன்று தொடுமாதலால், மின்சாரத்தை நிறுத்திய பின்னரே செருகுக.

கால் அங்குலப் பிளக் உறுதியானது. சிறு யந்திரங்கள் 3.5 மில்லிமீட்டர் பிளக்கையே ஏற்கும். அளவு மாற்ற நேரிட்டால், கெட்டியான அடாப்டர் துவாரத்தை நெம்பிவிடும். ஆதலின் வளையும் சிறு கம்பியுள்ள அடாப்டரே தக்கது.

பொன்முலாம் பூசிய முனைகளில் களிம்பு எளிதில் ஏறாது. அவற்றை உப்புத்தாளால் தேய்த்தால் முலாம் போய்விடும். ஸ்பிரிட் தோய்த்த துணியால் துடைப்பதே முறை. திராவகம் கலந்த பொருளைக்கொண்டு ஈயம் பற்றவைத்தால் கம்பி அரிக்கப்படும்.

பழைய வால்வு யந்திரங்கள் சிலவற்றில் சாவியின் முனைகளில் உயிருக்கு அபாயமான மின்னழுத்தம் இருக்கும். சாவியின் உலோக உடல் எப்பொழுதும் குழலுடனேயே சேர்ந்திருத்தல் வேண்டும்.

சர்க்கார் அனுமதி பெற்றவரே செய்தி அனுப்பலாம். சங்கத்தின் மூலம் சாவிகள் வாங்குமிடத்து, யாவற்றிற்கும் ஒரே அளவுப் பிளக்கை அமைத்து, கம்பியிணைப்பைச் சீட்டில் எழுதி ஒட்டி, உபரியாக ஒன்றை ஈரம் புகாத டப்பாவில் வைத்திருத்தல் உத்தமம். புயல் நாளில் ஒருவர் சாவியை மற்றொருவர் தயக்கமின்றி உபயோகிக்க இதுவே வழி.